என் விளையாட்டின் முகப்புப் படம் சிறிதானால் ஒன்றுமே தெரியவில்லை. எங்கே தவறு?

பூக்கடைப் பையன்:

அனைவருக்கும் வணக்கம். வேலை முடிந்து வந்த பிறகு இரவுகளில் உட்கார்ந்து இரண்டு ஆண்டுகளாக ஒரு கணினி விளையாட்டைச் செய்து வருகிறேன். பெயர் ‘முழம்’. சிங்கப்பூர்த் தேக்கா வட்டாரத்தின் பஃபலோ ரோட்டில் ஒரு பூக்கடையில் என் அம்மா 18 ஆண்டுகளாகப் பூக்கட்டுகிறார். விளையாட்டும் அந்தக் கடைக்குள்தான் நடக்கிறது. வாடிக்கையாளர் கேட்கும் வரிசையில் மல்லிகை, செவ்வந்தி, துளசி என்று எடுத்து, நேரம் முடிவதற்குள் தொடுத்து, முழம் போட்டுக் கொடுக்க வேண்டும். பார்க்க எளிது, பத்தாவது கட்டத்துக்கு மேல் விரல் ஓடினால்தான் பிழைக்க முடியும். தைப்பூசத்துக்கு முந்தைய இரவுதான் கடைசிக் கட்டம்.

அடுத்த மாதம், கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் ‘விரைவில் வருகிறது’ என்ற பக்கத்தைத் திறக்க நினைக்கிறேன். முகப்புப் படத்தை நானே வரைந்தேன், ஆறு வாரம் ஆனது. இரவு நேரத் தேக்கா, கடைகளின் முன்னே கூரையோடு ஓடும் ஐந்தடிப் பாதை, கடைவீடுகளின் சன்னல்கள் ஒவ்வொன்றும், தொங்கும் மாலைகள், நடுவில் கல்லாவின் பின்னால் நின்று தெருவைப் பார்க்கும் பெண். அவருக்கு அம்மாவின் முகச்சாயல். மேலே மெல்லிய பொன்னிற எழுத்தில் தலைப்பு. பெரிய திரையில் பார்க்கும்போது எனக்கே தொண்டை அடைக்கிறது. படத்தை இங்கே இணைத்திருக்கிறேன்.

நேற்று அதைச் சிறிதாக்கிக் கைப்பேசியில் பார்த்தேன். கருநீலத்தில் ஒரு மஞ்சள் கறை, அவ்வளவுதான். அலுவலகத் தோழி ஒருவரிடம் காட்டி, “என்ன தெரிகிறது?” என்று கேட்டேன். “ரயில் நிலையமா?” என்றார்.

எதை எடுப்பது, எதை விடுவது? ஒவ்வொரு சன்னலும் நேரில் போய்ப் பார்த்து வரைந்தது. இன்னொன்று: டெமோ விளையாடிய நண்பர் ஒருவர் அருமையான ஒரு வரி எழுதித் தந்திருக்கிறார். அதையும் படத்தின் மூலையில் போடலாமா?

பொட்டலக்காரர்:

தம்பி, நான் விளையாட்டுத் துறையில் இல்லை. 20 ஆண்டுகளுக்கும் மேலாக முறுக்கு, மசாலாத் தூள், ஊதுபத்தி ஆகியவற்றுக்கு உறை வடிவமைக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வது எனக்கு மிகவும் பழகிய வலி.

பேரங்காடி அடுக்கில் ஒரு பொட்டலம் தனியாக நிற்பதில்லை. இருபது பொட்டலங்களுக்கு நடுவே நிற்கிறது, வாங்குபவர் தள்ளுவண்டியோடு நடந்துகொண்டே பார்க்கிறார். அதனால் புதிய உறை வரைந்தால் நான் முதலில் செய்வது, அதை உண்மை அளவில் அச்சிட்டு, மற்றவற்றோடு அடுக்கி, பத்தடி தள்ளி நிற்பது. நீங்களும் அதையே செய்யுங்கள். ஸ்டீம் பட்டியல் பக்கம் ஒன்றைத் திரைப்பிடித்து, நடுவில் இருக்கும் ஒரு படத்தின் மேல் உங்களுடையதை ஒட்டிப் பாருங்கள்.

நான் உங்களுக்காக அதைச் செய்து பார்த்தேன். ஸ்டீம் கடையின் பின்னணியே கருநீலம். உங்கள் வானமும் கருநீலம். படத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அந்தப் பின்னணிக்குள் உங்கள் படம் கரைந்துபோகிறது. நீங்கள் ஆறு வாரம் பாடுபட்டது வீண் இல்லை. ஆனால் அது சுவரில் மாட்டும் ஓவியம். உறை வேறு.

அந்தச் சன்னல்களை அழிக்காதீர்கள். உங்கள் ஸ்டீம் பக்கத்தின் உள்ளே, விளையாட்டின் தொடக்கத் திரையில் வையுங்கள். அங்கே வருபவர் நின்று பார்ப்பார்.

செங்காங் ஆட்டக்காரி:

நான் வாரத்துக்கு மூன்று நான்கு சிறு விளையாட்டுகளாவது எடுத்துப் பார்ப்பவள். வாங்கும் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

உங்கள் படத்தைப் பார்த்ததும் கதை படிக்கும் விளையாட்டு என்றே நினைத்தேன். பெண் ஒருத்தி இரவில் நின்று தெருவைப் பார்த்தால், அவள் யாருக்கோ காத்திருக்கிறாள், அவளுடைய சோகத்தைப் படிக்கப் போகிறோம் என்றுதான் தோன்றும். விரல் ஓட வேண்டிய புதிர் என்று உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் தெரிந்தது. புதிர் தேடுபவர் கடந்து போய்விடுவார். கதை தேடி வருபவர் வாங்கி, ஏமாந்து, பணத்தைத் திரும்பக் கேட்பார். இரண்டாவதுதான் அதிகம் வலிக்கும்.

விளையாடுபவர் என்ன செய்கிறார்? பூக்கட்டுகிறார். அப்படியானால் கையை வரையுங்கள். இரண்டு கை, நடுவில் ஒரு கண்ணி இறுகும் நொடி. முகமே வேண்டாம்.

நண்பரின் வரியைப் போடாதீர்கள். 2022 செப்டம்பர் 1 முதல் ஸ்டீமில் அதற்கு இடமில்லை. முகப்புப் படங்களில் விளையாட்டின் ஓவியம், பெயர், துணைத்தலைப்பு இருந்தால் அதுவும், இவை மட்டுமே வரலாம். பாராட்டு வரி, விருதுச் சின்னம், தள்ளுபடி அறிவிப்பு எதுவும் கூடாது. அந்த வரியைப் பக்கத்தின் விவரப் பகுதியில் போடலாம்.

அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். தலைப்புப் படம் 920க்கு 430 பிக்சல், சிறு படம் 462க்கு 174, பெரிய படம் 1232க்கு 706, வாங்கியவரின் ஸ்டீம் நூலகத்தில் தெரியும் நெடும்படம் 600க்கு 900. ஒன்றை வரைந்து நான்காக வெட்ட நினைக்காதீர்கள். குறுக்குப் படத்தை வெட்டி நெடும்படம் செய்தால் கையில் பாதி போய்விடும். சிறு படத்தை ஸ்டீமே 120க்கு 45 வரை சுருக்கும். அதில் தலைப்பு ஏறக்குறைய முழு இடத்தையும் நிரப்ப வேண்டும். சிறு விளையாட்டுகளை வெளியிடும் இட்ச் தளத்திலும் போடுவதாக இருந்தால் அங்கே 630க்கு 500, அது கிட்டத்தட்டச் சதுரம்; தனியாகத்தான் அமைக்க வேண்டும்.

எழுத்து வரைபவன்:

யாரும் தலைப்பைப் பற்றி விரிவாகப் பேசவில்லை. நான் தமிழ் எழுத்துருக்கள் வரைபவன், அதனால் அதை மட்டும் பேசுகிறேன்.

45 பிக்சல் உயரத்தில் ‘முழம்’ என்ற சொல்லுக்கு மூன்று இடங்களில் ஆபத்து. ‘மு’வின் உள்ளே இருக்கும் வெற்றிடம், ‘ழ’வின் கீழ்ச்சுழி, ‘ம்’மின் புள்ளி. உங்கள் மெல்லிய எழுத்தில் கோடே காணாமல் போகிறது. அதற்காகத் தடித்த எழுத்துக்குத் தாவினால் வெற்றிடம் அடைபட்டு மூன்றும் கட்டிகளாகிவிடும். கோட்டைத் தடிமனாக்கும்போதே எழுத்தை அகலமாக்கி, உள்வெளியைத் திறந்து வையுங்கள். ‘ழ’வின் சுழியைக் கீழே இறக்காமல் பக்கவாட்டில் விரியுங்கள், உயரம் மிச்சமாகும். புள்ளியை வழக்கமான அளவைப்போல் இரண்டு மடங்கு வரையுங்கள். பெரிய அளவில் பார்க்கும்போது அது கொஞ்சம் துருத்திக்கொண்டு தெரியும், பரவாயில்லை. புள்ளி போனால் ‘முழம’ என்றாகிவிடும், தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு அது கண்ணில் விழுந்த தூசி.

அந்தப் புள்ளியை ஒரு மல்லிகை மொட்டாக வரைந்தால் என்ன?

செங்காங் ஆட்டக்காரி:

மொட்டு அழகான எண்ணம். ஆனால் வெளிநாட்டவர் தமிழ் எழுத்தைப் படிக்க மாட்டார்களே? சிறு படத்தில் ஆங்கில எழுத்துத்தான் நல்லது என்பது என் கருத்து.

எழுத்து வரைபவன்:

தேடல் முடிவுகளில் சிறு படத்துக்குப் பக்கத்திலேயே பெயர் எழுத்தாகவும் வருகிறது. படிக்க அது போதும். தமிழ் தெரியாதவருக்கு அந்த மூன்று எழுத்துகளும் ஓர் உருவமாக மனத்தில் பதியும், அடுத்த முறை அடையாளம் காண்பார். பெரிய படங்களில் இடம் இருக்கிறது, அங்கே ஆங்கிலத்தைக் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் எம்ஆர்டி ரயில் நிலையப் பலகையில் நம் எழுத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நம் எழுத்தில் பெயர் வைத்த விளையாட்டு, தன் முகத்தில் அந்த எழுத்தைக் காட்டாமல் இருக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

பூக்கடைப் பையன்:

மன்னியுங்கள், ஒன்பது நாள் கழித்து வருகிறேன். உங்கள் எல்லோருக்கும் நன்றி. சொன்ன எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

இந்த முறை சிறியதிலிருந்து தொடங்கினேன். 120க்கு 45 பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்குள் வெறும் வண்ணத் திட்டுகளாக முப்பது முறை போட்டுப் பார்த்தேன். வானம் போய்விட்டது. இப்போது பின்னணி முழுக்கச் செவ்வந்தியின் மஞ்சள். அதன் மேல் கரும்பழுப்பில் இரண்டு கை, நடுவில் வெண்மையாக ஒரு மல்லிகைச் சரம் குறுக்கே ஓடுகிறது. பட்டியலில் ஒட்டிப் பார்த்தேன். பக்கத்தில் எதை வைத்தாலும் கண் முதலில் மஞ்சளுக்குத்தான் போகிறது. வண்ணத்தை நீக்கி வெறும் சாம்பல் நிறத்தில் பார்த்தாலும் வெள்ளைச் சரம் தனியாகத் தெரிகிறது. சிறு படத்தில் கை இல்லை, ‘முழம்’ மட்டும், மொட்டுப் புள்ளியோடு. பெரிய படங்களில் கீழே ஆங்கிலம். அதே தோழியிடம் காட்டினேன். “பூக்கட்டுகிறார்கள்” என்றார், உடனே.

நேற்று இரவு அம்மா வேலை முடிந்து வந்ததும் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். தெருவும் கடையும் தன் முகச்சாயலும் இல்லையே என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. “இந்தக் கட்டைவிரல் தப்பு” என்றார். இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, காம்போடு காம்பு சேர வைத்த பிறகு, காம்புகளைக் கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அப்போதுதான் நூலைச் சுற்றி இழுக்கும்போது பூ நழுவாது. நான் வரைந்த கட்டைவிரல் காற்றில் நின்றது. “இப்படிப் பிடித்தால் கோயில் வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் உதிர்ந்துவிடும்” என்றார்.

சமையலறையிலிருந்து நூலை எடுத்து வந்து, பூ இல்லாததால் முருங்கைக் காம்புகளை வைத்துக் கட்டிக் காட்டினார். அதைப் பதினான்கு படம் எடுத்து வைத்திருக்கிறேன். 120க்கு 45 அளவில் அந்தக் கட்டைவிரல் யாருக்கும் தெரியாது. 1232க்கு 706 அளவில் தெரியும், பூக்கட்டத் தெரிந்தவருக்கு.

இன்றிரவு இடது கையை மறுபடி வரைகிறேன். முடிந்ததும் நான்கு அளவுகளையும் இங்கே போடுகிறேன். ‘எழுத்து வரைபவன்’ அண்ணன், ‘ழ’வின் சுழியை மட்டும் ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்.