ஓய்வூதியத்தை 58 வயதில் பெறுவதா, 60 வரை தள்ளி வைப்பதா?

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். காரைக்குடிப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் பணியாற்றும் எனக்கு வரும் தை மாதம் 58 வயது நிறைகிறது. ஆலையில் 60 வரை இருக்கச் சொல்வதால், தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் உடனே விண்ணப்பிப்பதா, ஆண்டுக்கு 4 விழுக்காடு கூடுதலுக்காகக் காத்திருப்பதா என்று தெரியவில்லை.

பதில் 1
ஐயா, 58 நிறைந்தபின் வேலையில் இருந்துகொண்டே ஓய்வூதியம் பெறலாம். மாதம் 4,000 ரூபாய் வருமென்று வைத்துக்கொண்டால், 60 வரை காத்திருந்தால் இரண்டு ஆண்டுகளில் 96,000 ரூபாயை விட்டுவிடுகிறீர்கள். அதற்கு ஈடாகக் கிடைப்பது மாதம் சுமார் 326 ரூபாய் என்பதால், இழந்த தொகையை மீட்க 84 வயதைக் கடக்க வேண்டும். இத்திட்டத்தில் அகவிலைப்படியும் இல்லை. காத்திருப்பது நட்டம் என்றே உறுதியாகக் கருதுகிறேன்.

பதில் 2
அண்ணன் சொல்வது சரி. ஆனால் தொகையைக் கணக்கிடும்போது கவனம் வேண்டும்: 2014 செப்டம்பருக்கு முந்தைய பணிக்காலத்துக்கு ஓய்வூதியக் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 6,500 ரூபாய், அதற்குப் பின்னரே 15,000. எல்லா ஆண்டுகளையும் 15,000 ரூபாயால் பெருக்கி 70-ஆல் வகுத்துவிட்டுப் பலர் ஏமாந்துபோகிறார்கள். 20 ஆண்டுகள் பணி முடித்திருந்தால் பணிக்காலத்தில் இரண்டு ஆண்டுகள் கூட்டிக் கணக்கிடுவார்கள். பழைய ஆலைகளில் பணியாற்றிய காலம் ஒரே வைப்புநிதிக் கணக்கில் சேர்ந்திருக்கிறதா, ஆதாரிலும் அலுவலகப் பதிவிலும் பிறந்த தேதி ஒன்றாக உள்ளதா என்று இப்போதே பார்த்துவிட்டு, 58 நிறைந்ததும் ஓய்வூதியம் கோரும் 10டி படிவத்தைக் கொடுங்கள். ஆச்சியின் (உங்கள் மனைவியின்) பெயரையும் குடும்ப விவரத்தில் சரிபாருங்கள். உங்களுக்குப் பின் பாதித் தொகை அவருக்குச் சேரும்.