கருக்கலைப்பு விவாதம்: இரு அணியும் உண்மையில் மோதும்படி தலைப்பை எப்படி அமைப்பது?

மேடைக்கணக்கு (கேள்வி கேட்பவர்; பதில் சொல்பவர்கள் சட்டப்புள்ளி, வாரக்கணக்கு, எதிர்க்கேள்வி என்ற மூவர்):

“கருக்கலைப்பு சட்டபூர்வமாக இருக்க வேண்டுமா?” என்று தலைப்புக் கொடுத்தால், ஓர் அணி உயிரின் மதிப்பைப் பேசுகிறது, இன்னோர் அணி உடலுரிமையைப் பேசுகிறது. ஒருவர் கேட்டதற்கு மற்றவர் பதிலே சொல்வதில்லை. தலைப்பை எப்படித் திருத்தலாம்? இரு தரப்பிலும் எந்த வாதம் நிற்கும், எது தொட்டதும் உதிரும்? கல்லூரி மாணவர்களுக்கான குறிப்பேட்டுக்காகக் கேட்கிறேன். மதநூல் மேற்கோள்கள் வேண்டாம்.

சட்டப்புள்ளி:

“சட்டபூர்வம்” என்ற சொல்தான் கோளாறு. அதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன.

குற்றம் என்று வைத்துக்கொண்டே விலக்குத் தருவது ஒன்று. இங்கிலாந்தில் 1861 சட்டம் குற்றமாக்கியது; இரண்டு மருத்துவர்கள் சம்மதித்தால் தண்டனை இல்லை என்று 1967 சட்டம் வழிவிட்டது. இந்தியாவின் 1971 சட்டமும் இதே அச்சுதான். 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வரை இருவர் வேண்டும், அதுவும் சட்ட விதிகள் பெயரிட்டுச் சொல்லும் வகைப் பெண்களுக்கு மட்டும். அதைத் தாண்டினால், கருவில் கடுமையான குறைபாடு என்று மருத்துவ வாரியம் சொல்ல வேண்டும். கவனியுங்கள், இந்த அச்சில் சட்டம் காப்பது மருத்துவரை. பெண்ணின் உரிமை என்று அது எதையும் எழுதி வைக்கவில்லை.

கேட்டாலே போதும், ஆனால் கெடு உண்டு என்பது இரண்டாவது. பிரான்சில் 14 வாரம். அயர்லாந்தில் 2018 வாக்கெடுப்புக்குப் பின் 12 வாரம், கூடவே 3 நாள் காத்திருப்பு.

ஜெர்மனியுடையது விசித்திரமான ஏற்பாடு. அங்கே அது சட்டவிரோதம், ஆனால் தண்டனை கிடையாது. ஆலோசனை பெற்ற சான்றிதழ், அதன்பின் 3 நாள் இடைவெளி, கருத்தரித்து 12 வாரத்துக்குள் என்ற மூன்றும் இருந்தால் வழக்கு இல்லை. 1993-ல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின் விளைவு இது. நடுவழி தேடும் மாணவர்கள் இதைப் படிக்காமல் மேடை ஏறக்கூடாது.

கனடாவில் 1988 தீர்ப்புக்குப் பின் இதைக் குற்றமாக்கும் விதி எதுவும் நடைமுறையில் இல்லை. மற்ற சிகிச்சைகளைப் போல மருத்துவ ஒழுங்குமுறை மட்டும்தான்.

ஆகவே ஒவ்வோர் அணியும் முதல் இரண்டு நிமிடத்தில் மூன்றைச் சொல்லியாக வேண்டும்: எத்தனை வாரம் வரை, முடிவெடுப்பது யார், மீறினால் யாருக்கு என்ன தண்டனை. மூன்றாவதில்தான் தடை கேட்கும் அணி திணறும். கருவும் பிறந்த குழந்தையும் சமம் என்றால் பெண்ணும் கொலைக் குற்றவாளி ஆகவேண்டும். ஆனால் 2022-க்குப் பிறகு அமெரிக்க மாநிலங்கள் பல கொண்டுவந்த தடைகள் தண்டிப்பது கலைத்தவரை, பெண்ணை அல்ல. இந்த இடைவெளிக்கு அவர்கள் காரணம் சொல்ல வேண்டும். அனுமதி கேட்கும் அணிக்கோ முதல் கேள்வியிலேயே வியர்க்கும். உடலுரிமை முழுமையானது என்றால் கெடு எதற்கு?

வாரக்கணக்கு:

கெடு என்றதும் ஒரு திருத்தம். ஏறக்குறைய எல்லா மேடையிலும் இந்தத் தப்பு நடக்கிறது. மருத்துவத்தில் கர்ப்ப வாரம் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகிறது. கருத்தரிப்பு நடப்பது சுமார் இரண்டு வாரம் கழித்து. ஆக “6 வாரம்” என்றால் கருவின் வயது 4 வாரம்தான். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு மாதவிடாய் தள்ளிப்போய் அப்போது இரண்டு வாரம் ஆகியிருக்கும். சுழற்சி ஒழுங்கற்றவருக்குச் சந்தேகமே வந்திருக்காது. ஜெர்மனியின் 12 என்பது இந்தக் கணக்கில் 14. இரண்டு நாட்டு எண்களை ஒப்பிடும் முன் எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்று பாருங்கள்.

அடுத்தது, 20 வாரக் கெடு ஏன் இடறுகிறது என்பது. உறுப்பு அமைப்பை விரிவாகப் பார்க்கும் அனாமலி ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள் எடுப்பது. அதில் இதயக் குறையோ மூளைக் குறையோ தெரிந்தால் மறு ஸ்கேன், பனிக்குட நீர்ப் பரிசோதனை, நிபுணர் கருத்து எல்லாம் உண்டு. செல்களை வளர்த்து குரோமோசோமைப் பார்க்கும் சோதனையின் முடிவு வர இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம். கெடு அதற்குள் முடிந்துவிடும். தாமதத்துக்குக் காரணம் பெற்றோரின் அலட்சியம் அல்ல, பரிசோதனையின் கால அட்டவணைதான்.

24 வாரம் என்ற கோடும் கல்லில் செதுக்கியது அல்ல. கருப்பைக்கு வெளியே பிழைக்கும் வாய்ப்பு கணிசமாகும் கட்டம் என்பதால் வந்தது. தீவிர சிகிச்சை நன்றாக உள்ள இடங்களில் 22 வாரக் குழந்தைகளும் சில பிழைக்கின்றன. கருவின் மதிப்பு மருத்துவமனையின் வென்டிலேட்டரைப் பொறுத்ததா என்று தடை அணி கேட்கும்; கேட்கவும் வேண்டும்.

கடைசியாக, “தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்” என்ற விலக்கு. காகிதத்தில் தெளிவாக இருக்கும், வார்டில் இருக்காது. 17 வாரத்தில் பனிக்குடம் உடைந்தால் குழந்தை பிழைக்க வாய்ப்பு மிகக் குறைவு, தொற்று ஏறும் வாய்ப்பு அதிகம். ஆனால் கருவின் இதயத் துடிப்பு இருக்கிறது, தாய்க்கு இன்னும் காய்ச்சல் இல்லை. “ஆபத்து” எந்த மணி நேரத்தில் தொடங்குகிறது? மருத்துவர் சிறைக்குப் பயந்து காத்திருக்கும்போது செப்சிஸ் (தொற்றால் உடலே நிலைகுலையும் ஆபத்து) காத்திருக்காது. 2012-ல் அயர்லாந்தின் கால்வே நகரில் ஒரு பெண் இறந்தது இப்படித்தான். தடை அணி இந்த விலக்கை எழுதும்போது “உடனடி” போன்ற சொற்களைத் தவிர்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

எதிர்க்கேள்வி:

உதிரும் வாதங்களுக்கு வருகிறேன்.

“அது வெறும் செல்களின் கட்டி.” உதிரும். 20 வாரக் கருவுக்கு இது பொருந்தாது. மேலும் நாமெல்லோருமே செல்கள்தான்.

“உயிர் கருத்தரிப்பில் தொடங்குகிறது, எனவே விவாதம் முடிந்தது.” இதுவும் உதிரும். உயிர் இருப்பது வேறு, அந்த உயிருக்கு இன்னொருவர் உடலைப் பயன்படுத்தும் உரிமை இருப்பது வேறு. 1971-ல் தத்துவ அறிஞர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் கருவுக்கு முழு உயிருரிமை உண்டு என்று விட்டுக்கொடுத்தே வாதத்தைத் தொடங்கினார். உங்களைக் கேட்காமல் ஓர் இசைக்கலைஞரின் ரத்த ஓட்டத்தை உங்கள் சிறுநீரகத்தோடு இணைத்துவிட்டார்கள், ஒன்பது மாதம் கழித்துத்தான் கழற்றலாம், அதற்கு முன் கழற்றினால் அவர் இறப்பார் என்றால் படுத்துக்கிடக்கக் கடமையா என்பது அவர் கேள்வி. தடை அணியின் நல்ல பதில்: இது வன்புணர்வுக்குப் பொருந்தும், விரும்பிச் செய்த உறவுக்குப் பொருந்துமா?

தடை அணிக்கு மிகப் பலமான ஆயுதம் தத்துவ அறிஞர் டான் மார்க்விஸ் 1989-ல் வைத்தது. கரு “ஆள்” தானா என்ற சண்டைக்கே போகாமல், கொலை ஏன் தவறு என்று கேட்டார். இறப்பவரின் எதிர்காலம் முழுவதும் பறிபோகிறது என்பதால். கருவுக்கும் அப்படியொரு எதிர்காலம் உண்டு. இதற்குப் பதில் தேடும் அணி, முதல் இரண்டு வாரத்தில் கரு இரட்டையாகப் பிரியக்கூடும், அப்போது அந்த எதிர்காலம் யாருடையது என்பதில் தொடங்கலாம்.

“தடை போட்டாலும் எண்ணிக்கை குறையாது” என்பதைப் பாதியாகத்தான் நம்புங்கள். ருமேனியா 1966-ல் தடை போட்டது. அடுத்த ஆண்டே பிறப்பு ஏறத்தாழ இரட்டிப்பானது. குறையாமலா இரட்டிப்பாகும்? ஆனால் சில ஆண்டுகளில் பிறப்பு மறுபடி சரிந்தது, இரகசியக் கலைப்பு பெருகியது, கர்ப்பம் சார்ந்த மரணம் ஏறியது. 1989 டிசம்பரில் தடை நீங்கிய மறு ஆண்டே அம்மரண விகிதம் ஏறக்குறைய பாதியானது. தடை அணி இதற்குச் சிலியைக் காட்டும்: 1989-ல் முழுத்தடை, ஆனாலும் அங்கே மகப்பேறு மரணம் தொடர்ந்து குறைந்தது. இரண்டும் உண்மை. கருத்தடைச் சாதனம் கிடைப்பது, பெண்கல்வி, மருத்துவமனைப் பிரசவம் எல்லாம் நாட்டுக்கு நாடு வேறு என்பதால், ஒரே ஒரு நாட்டைக் காட்டி முடிப்பவருக்கு மதிப்பெண் குறைக்கச் சொல்லுங்கள்.

மேடைக்கணக்கு:

நன்றி. தலைப்பு இப்படி: “முதல் 14 வாரத்தில், காரணம் கேட்காமல், முடிவு பெண்ணுடையதாக இருக்க வேண்டும், அதன்பின் மருத்துவக் காரணத்துக்கு மட்டும்.” சரியா?

சட்டப்புள்ளி:

“கடைசி மாதவிடாயிலிருந்து” என்று சேருங்கள். தண்டனை யாருக்கு என்பதும் இல்லை, அதையும் எழுதுங்கள். இன்னொன்று, மறுக்கும் மருத்துவர். இத்தாலியில் 1978-லிருந்து முதல் 90 நாளுக்குச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் மகப்பேறு மருத்துவர்களில் பாதிக்கு மேல் மனச்சாட்சி காரணமாக விலகி நிற்கிறார்கள். கனடாவின் பழைய முறையும் விழுந்தது இதே குழியில்: அனுமதிக்க மருத்துவமனைக் குழு வேண்டும், பல மருத்துவமனைகளில் குழுவே இல்லை. மறுப்பவர் வேறொருவரிடம் அனுப்பியே ஆக வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு வரி போடுங்கள். இல்லாவிட்டால் அரைமணி நேரம் அதிலேயே போய்விடும்.