திருமயம் பக்கம் கல் அடித்தது: மின்சாரக் காரின் முன் கண்ணாடியை எங்கே, எப்படி மாற்றுவது?

ஆத்தங்குடிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். போன வருஷம் ஒரு மின்சார எஸ்யூவி எடுத்தேன். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் கேமரா, தானே பிரேக் பிடிப்பது, கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கைத் திருப்புவது எல்லாம் உள்ள வண்டி.

போன வாரம் புதுக்கோட்டையில் ஒரு வீட்டுக்கு டைல்ஸ் கல் இறக்கக் கூடவே போய்விட்டுத் திரும்பினேன். திருமயம் தாண்டியதும் முன்னால் ஒரு ஜல்லி லாரி. தார்ப்பாய் போடவில்லை. 'டக்'கென்று ஒரே சத்தம். வண்டியை ஓரம் கட்டிப் பார்த்தால், கண்ணாடியில் ஒரு ரூபாய்க் காசில் பாதி அளவுக்கு ஒரு சில்லு. நடுவில் ஊசி நுனி மாதிரி குழி, சுற்றி மூன்று சின்னக் கால்கள். நகத்தை வைத்துத் தடவினேன், தட்டியது. உள்பக்கம் தடவினால் வழவழவென்று இருந்தது. உள்ளே வரவில்லையே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நாலாவது நாள் அம்மாவை மதுரைக்குக் கண் காட்டக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. வண்டி காலையிலிருந்து பட்டறை வாசலில் வெயிலில் நின்றது. அம்மாவுக்குச் சூடு ஆகாது என்பதால் வழக்கம்போல வீட்டிலிருந்தே போனில் ஏசியைப் போட்டேன். பத்து நிமிஷம் கழித்து வந்து கதவைத் திறந்தால், அந்தக் குழியிலிருந்து ஒரு கோடு கிளம்பி டிரைவர் பக்கமாக ஒரு சாண் ஓடியிருந்தது. மறுநாள் காலையில் ஒன்றரைச் சாண். இப்போது அதன் நுனி கேமரா மூடிக்குக் கிட்டே வந்து நிற்கிறது.

எங்கள் தொழிலே கண்ணாடி மேல்தான் நடக்கிறது. கண்ணாடிப் பலகையில் அச்சை வைத்து, சாயச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, பிறகு தண்ணீரில் போட்டு எடுப்போம். கல்லுக்கு வரும் பளபளப்பு கண்ணாடி கொடுப்பது, பாலீஷ் கிடையாது. பலகையில் மயிரிழை கீறல் இருந்தாலும் அந்தக் கோடு பூவின் மேல் அப்படியே விழுந்துவிடும். அதனால் கீறல் கண்ட பலகையை அன்றைக்கே ஒதுக்கிவிடுவோம். அப்படிப் பழகிய கை, இதை நாலு நாள் விட்டுவிட்டதே என்று மனது ஆறவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். காரைக்குடியில் ஒரு கண்ணாடிக் கடையில் கேட்டேன். 13,500 ரூபாய், நாளைக்கே போட்டுவிடலாம், கேமராவைக் கழற்றி அதே இடத்தில் மாட்டினால் போதும் என்கிறார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கண்ணாடிக்கு மட்டும் 54,000, கேலிபரேஷனுக்குத் தனியாக 6,500, கண்ணாடி வர மூன்று வாரம் என்கிறார்கள். கேலிபரேஷன் என்றால் என்ன என்று கேட்டதற்குக் கம்ப்யூட்டரில் செய்வார்கள் என்பதற்கு மேல் பதில் வரவில்லை.

ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய வழி உண்டா? இந்தக் கேலிபரேஷன் நிஜமாகவே வேண்டுமா? மின்சார வண்டி என்பதால் தனியாக எதையாவது கவனிக்க வேண்டுமா? அம்மா ஏறும் வண்டி, அதனால்தான் விவரமாகக் கேட்கிறேன்.

வைகைக்கரை கண்ணாடி:

அண்ணே வணக்கம். மதுரையில் இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடி ஒட்டுகிறேன்.

முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். காலம் கடந்துவிட்டது. முன் கண்ணாடி என்பது இரண்டு தகடு, நடுவில் பிவிபி என்ற பிளாஸ்டிக் ஜவ்வு. கல் பட்டது வெளித்தகட்டில், அதனால்தான் உள்ளே வழவழப்பாக இருந்தது. அன்றைக்கே வந்திருந்தால் குழிக்குள் இருக்கும் காற்றை இழுத்துவிட்டு, ரெசின் என்ற திரவப் பிசினை இறக்கி, புறஊதா விளக்கில் காயவைத்து முடித்திருப்பேன். அரை மணி நேர வேலை. தழும்பு லேசாகத் தெரியும், ஆனால் ஓடாது. ஒன்றரைச் சாண் ஓடி, டிரைவர் பார்வைக்கு நேரே வந்து, கேமராவையும் தொடப் போகிறது என்றால் எந்த ரெசினும் நிற்காது. யாராவது ஒட்டித் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள்.

ஏன் ஓடியது என்பதற்கும் பதில் உங்கள் கதையிலேயே இருக்கிறது. வெளியே கொதிக்கிற கண்ணாடி, உள்ளே திடீரென்று குளிர்ந்த காற்று. ஒரு பக்கம் சுருங்குகிறது, மறு பக்கம் விரிந்தே நிற்கிறது. முழுக் கண்ணாடி அதைத் தாங்கும், குழி விழுந்தது தாங்காது. பெட்ரோல் வண்டிக்காரர் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பெரும்பாலும் ஏசி போடுவார். மின்சார வண்டியில் ஆள் இல்லாமலே பத்து நிமிஷம் ஓடுகிறது, யாரும் பார்ப்பதில்லை. புதுக் கண்ணாடி வரும்வரை போனில் ஏசி போடுவதை நிறுத்துங்கள். வண்டியை நிழலில் விட்டு, கதவுக் கண்ணாடியை விரல் அளவு இறக்கி வையுங்கள். காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பாமல் கால் பக்கம் திருப்புங்கள்.

இப்போது அந்த 13,500. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, அவர் கேமரா இல்லாத வண்டிக் கணக்கில் பேசுகிறார். உங்கள் கண்ணாடியில் கேமரா உட்காரும் பிராக்கெட் ஒட்டியே வர வேண்டும், கேமரா பார்க்கும் இடம் அலையில்லாமல் தெளிவாக இருக்க வேண்டும், மழை சென்சாருக்கு இடம் வேண்டும். மின்சார வண்டியில் என்ஜின் சத்தம் இல்லாததால் காற்றுச் சத்தமும் டயர் சத்தமும் தூக்கலாகக் கேட்கும், அதற்காகப் பல மாடல்களில் சத்தம் அடக்கும் ஜவ்வு போட்ட கண்ணாடி கொடுக்கிறார்கள். சாதாரணக் கண்ணாடி போட்டால் அடுத்த நாளே வித்தியாசம் காதில் விழும். எந்தக் கடையில் போட்டாலும் மூலையில் முத்திரையைப் பாருங்கள், ஐஎஸ் 2553 என்ற தர எண் இருக்க வேண்டும்.

ஒட்டும் வேலையில் நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான். பழைய பசையை அறுக்கும்போது கத்தி பெயிண்டில் பட்டு, அதில் பிரைமர் என்ற அடிப்பூச்சைத் தடவாமல் விட்டால் துரு பிடிக்கும். துரு பிடித்தால் பசை விடும், மழைத் தண்ணீர் டேஷ்போர்டுக்கு உள்ளே இறங்கும். அங்கே ஒயரும் கம்ப்யூட்டர் பெட்டியும்தான் இருக்கின்றன. உயர் மின்னழுத்த ஆரஞ்சு ஒயருக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமில்லை, அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் கதவைத் திறந்துவைத்து மணிக்கணக்கில் வேலை செய்தால் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும். வண்டியை முழுக்க அணைத்துவிட்டு வேலை செய்யச் சொல்லுங்கள்.

கண்ணாடியை ஒட்டும் பசைக்கு யூரித்தேன் என்று பெயர். காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துத்தான் அது இறுகும். எத்தனை மணி நேரம் கழித்து எடுக்கலாம் என்று டியூபிலேயே போட்டிருக்கும், கேட்டுப் படித்துப் பாருங்கள். முன் சீட்டு ஏர்பேக் விரியும்போது பல வண்டிகளில் இந்தக் கண்ணாடியில்தான் முட்டுக்கொடுத்து நிற்கும். பசை இறுகாமல் இருந்தால் கண்ணாடி வெளியே போய்விடும். அம்மாவை அன்றைக்கே ஏற்றாதீர்கள்.

பள்ளத்தூர் வள்ளி:

அண்ணே, நான் கோயம்புத்தூரில் வண்டி சென்சார் சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறேன், ஊர் பள்ளத்தூர். கேலிபரேஷன் வேண்டுமா என்று கேட்டீர்கள். கட்டாயம் வேண்டும். கம்ப்யூட்டரில் செய்வார்கள் என்று மட்டும் சொன்னது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் சொல்லிப் புரியவைக்க முடியாத விஷயம் இல்லை இது.

கேமரா கண்ணாடியில் ஒட்டிய பிராக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது. புதுக் கண்ணாடியில் அந்தப் பிராக்கெட் ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால், 50 மீட்டர் தள்ளி இருக்கும் பொருளை அது கிட்டத்தட்ட 87 சென்டிமீட்டர் தள்ளிப் பார்க்கும். நெடுஞ்சாலையில் ஒரு தடம் 3.5 மீட்டர் அகலம். பக்கத்துத் தடத்தில் வரும் பஸ்ஸை நம் தடத்தில் இருப்பதாக நினைத்து வெறும் சாலையில் பிரேக் அடிக்கலாம், நேர் எதிரே நிற்கும் மாட்டை ஓரத்தில் நிற்பதாக நினைத்து விட்டுவிடலாம். ஒரு டிகிரியை நம் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டேஷ்போர்டில் விளக்கு எரியவில்லை என்பதால் எல்லாம் சரி என்றும் ஆகாது.

அதைச் சரிசெய்வதுதான் கேலிபரேஷன், அதற்கு இரண்டு முறை உண்டு. ஒன்று, சமதளத் தரையில் வண்டியை நிறுத்தி, அளந்த தூரத்தில் கட்டம் போட்ட பலகையை வைத்துக் கேமராவுக்கு நடுக்கோட்டைக் காட்டுவது. இன்னொன்று, கருவியை மாட்டிக்கொண்டு கோடு தெளிவாக உள்ள சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டுவது, கேமரா தானே கற்றுக்கொள்ளும். சில மாடலுக்கு ஒன்று போதும், சிலவற்றுக்கு இரண்டும் வேண்டும். உங்கள் வண்டிக்கு எது என்று கேளுங்கள். ஓட்டிச் செய்வதாக இருந்தால் நம் ஊர்ப் பக்கம் உள் ரோட்டில் வேண்டாம், கோடே இருக்காது. மேலூர் நான்கு வழிச் சாலை ஏற்றது. போகும் முன் நாலு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும், டிக்கியில் டைல்ஸ் பெட்டி எதுவும் வேண்டாம். பின்னால் பாரம் இருந்தால் முன்பக்கம் தூக்கும், கேமராவும் மேலே பார்க்கும்.

முடிந்ததும் வேலைக்கு முன், பின் என்று வண்டிக் கம்ப்யூட்டரின் இரண்டு ஸ்கேன் அறிக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பச்சியும் மின்சார வண்டிதான் வைத்திருக்கிறார்கள். நேற்றுப் பேசும்போது, கண்ணாடியில் ஏதோ கடுகு மாதிரி பட்டிருக்கிறது என்றார்கள். உங்கள் கதையைப் படித்ததும் பதறிவிட்டது.

தேவகோட்டை பாலிசி:

இன்சூரன்ஸ் பக்கம் யாரும் தொடவில்லை, அதனால் சொல்கிறேன். உங்களிடம் முழுப் பாலிசி இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். ரப்பர், பிளாஸ்டிக் உருப்படிகளுக்கு 50 சதவீதம் பிடிப்பார்கள், தேய்மானமே பிடிக்காத ஜீரோ டெப் சேர்க்கை எடுத்திருந்தால் அதுவும் இல்லை. பாலிசியில் போட்டிருக்கும் கட்டாயப் பிடித்தம் மட்டும் உங்கள் கையிலிருந்து போகும். பசை, பிரைமர் போன்றவற்றுக்குக் கன்ஸ்யூமபிள்ஸ் என்ற சேர்க்கை எடுத்திருந்தால்தான் கிடைக்கும்.

முக்கியமானது, கண்ணாடியைக் கழற்றும் முன்பே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் கொடுத்து, அவர்கள் அனுப்பும் சர்வேயரைப் பார்க்க வையுங்கள். கழற்றிய பிறகு போட்டோ காட்டிப் பயனில்லை. கேலிபரேஷன் தொகையை எஸ்டிமேட்டிலேயே தனி வரியாக எழுதச் சொல்லுங்கள், பின்னால் சேர்த்தால் தகராறு வரும்.

கிளெய்ம் போடாமல் இருந்தால் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடிதான் நோ கிளெய்ம் போனஸ். அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருஷா வருஷம் ஏறும். கிளெய்ம் போட்டால் அது போகும், போனஸைக் காப்பாற்றும் சேர்க்கை எடுத்திருந்தால் தவிர. 13,500 ரூபாய்க்குக் கிளெய்ம் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். 60,000 என்றால் யோசிக்கவே வேண்டாம், போடுங்கள்.

அப்புறம் ஃபாஸ்டேக். பழைய கண்ணாடியோடு அதுவும் போய்விடும், உரித்து ஒட்டினால் வேலை செய்யாது. வங்கியில் இப்போதே மாற்று டேக் கேட்டு வையுங்கள். இல்லையென்றால் லெம்பலக்குடி டோலில் நின்று கூடுதல் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

ஆத்தங்குடிக்காரன்:

ஒரு மாதம் கழித்து வருகிறேன். உங்கள் மூவர் சொன்னதையும் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

கம்பெனிக் கண்ணாடிக்கே காத்திருந்தேன். மூன்று வாரம் என்றது 26 நாள் ஆனது. அதுவரை அம்மாவை மாப்பிள்ளை வண்டியில்தான் மதுரைக்குக் கூட்டிப் போனோம். சர்வேயர் வந்து பார்த்தார், கிளெய்ம் ஏற்றுக்கொண்டார்கள். கையிலிருந்து போனது பிடித்தமும் பசைக் காசும்தான்.

கண்ணாடி மாற்றும்போது பக்கத்திலேயே நின்றேன். கம்பியை உள்ளிருந்து வெளியே கோத்து, இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையாக இழுத்துப் பசையை அறுத்தார்கள். வெண்ணெயை நூலால் அறுப்பது போல வந்தது. கத்தியே படவில்லை. பழைய பசையை ஒரு தாள் கனத்துக்கு விட்டுவிட்டு மேலே கறுப்பு பிரைமர் தடவினார்கள். ஒரு இடத்தில் மட்டும் பெயிண்ட் லேசாகப் பெயர்ந்திருந்தது, வலது மூலையில் நகக்கண் அளவு. நான் காட்டினேன். அந்தப் பையன் மறுக்காமல் பிரைமர் வைத்து, காயும்வரை காத்திருந்தான். அப்புறம் உறிஞ்சுப் பிடி வைத்துக் கண்ணாடியைத் தூக்கி, ஒரே மூச்சில் பசை மேல் இறக்கினார்கள். நாங்கள் கல்லிலிருந்து பலகையைப் பிரிக்கும்போது எப்படி மூச்சைப் பிடித்துக்கொள்வோமோ, அந்த மாதிரி இரண்டு பேரும் மூச்சைப் பிடித்திருந்தார்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

டியூபைக் கேட்டுப் படித்தேன். அதில் போட்டிருந்ததைவிடக் கூடவே காத்திருந்து, ராத்திரி வண்டியை அங்கேயே விட்டுவிட்டேன். மறுநாள் பலகை வைத்துக் கேலிபரேஷன். பின் டயர் ஒன்றில் காற்று குறைந்திருந்தது, நான் சொன்ன பிறகுதான் பார்த்தார்கள். அந்த வரி வள்ளி எழுதியது. பிறகு மேலூர் சாலையில் ஓட்டியும் செய்தார்கள். இரண்டு அறிக்கையும் கையில் இருக்கிறது.

ஒரு குறை மட்டும் நடந்தது. வீட்டுக்கு வரும் வழியில் கீழவளவு பக்கம், சுள்ளென்ற வெயிலில் வைப்பர் தானாக ஓட ஆரம்பித்தது. நிறுத்தினால் மறுபடி ஓடுகிறது. வெளியிலிருந்து குனிந்து பார்த்தால், மழை சென்சாருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள ஜெல்லியில் மிளகளவு காற்றுக் குமிழ். பழைய ஜெல்லியையே திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். திரும்பிப் போய்ப் புதிது போடச் சொன்னேன், காசு வாங்கவில்லை. கண்ணாடி மாற்றுபவர்கள் வண்டியை எடுக்கும் முன் அந்த இடத்தை வெளியிலிருந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வைகைக்கரை அண்ணே, உங்கள் கடை இருக்கும் தெரு தெரியாமல் போனது எனக்கு நஷ்டம். அடுத்த முறை மதுரை வந்தால் சொல்லிவிட்டு வருகிறேன்.

வள்ளி, உங்கள் அப்பச்சி வண்டியில் அந்தக் கடுகு இன்னும் அப்படியே இருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே துடைத்துவிட்டு, தண்ணீரும் தூசியும் போகாமல் மேலே ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டச் சொல்லுங்கள். போனில் ஏசி போட வேண்டாம். பள்ளத்தூர் எனக்கு எட்டும் தூரம்தான், தனியாக மதுரை போக யோசித்தால் சொல்லுங்கள், நான் கூடப் போய் ரெசின் வைத்துக் கூட்டி வருகிறேன்.