எக்ஸோஸ்கெலிட்டன் (காலில் மாட்டி நடக்க வைக்கும் மோட்டார் சட்டகம்) போட்டு நடந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். என் தம்பிக்கு விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரண்டு வருடம் ஆகிறது. டி10 (மார்புப் பகுதியின் பத்தாவது முள்ளெலும்பு) மட்டத்தில் முழுக் காயம். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கைகளில் நல்ல பலம், சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு அவனே மாறிக்கொள்வான்.

போன வாரம் ஒரு மறுவாழ்வு மையத்தில் ரோபோ எக்ஸோஸ்கெலிட்டன் மாட்டிப் பார்த்தார்கள். பட்டைகளை இறுக்கவே கால் மணி நேரம் ஆனது. ஊன்றுகோலை முன்னால் ஊன்றி உடம்பைச் சற்றுச் சாய்த்தால், மோட்டார் இடுப்பையும் முழங்காலையும் மடக்கிக் காலை எடுத்து வைக்கிறது. 11 அடி எடுத்து வைத்தான். அவன் என்னைவிட உயரம் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

ஆனால் கழற்றியபோது கணுக்காலில் சிவப்புத் தடம். அரை மணி நேரமாகியும் மறையவில்லை. வலி தெரியாதவனுக்கு இது புண்ணாகிவிடுமோ என்றுதான் பயம். பட்டைக்கு அடியில் என்ன மெத்தை வைக்கிறீர்கள்?

எலும்பு மெலிந்திருந்தால் முறியலாம் என்று டெக்ஸா ஸ்கேன் (எலும்பு அடர்த்திப் பரிசோதனை) எடுக்கச் சொன்னார்கள். அதில் அடர்த்தி குறைவு என்று வந்தும் பயிற்சியைத் தொடர்ந்தவர்கள் உண்டா?

அப்புறம், ரீவாக் என்ற எக்ஸோஸ்கெலிட்டன் கருவியை வீட்டில் பயன்படுத்த அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்டிஏ) 2014-லேயே அனுமதித்தது; பயிற்சி பெற்ற துணையாள் கூட இருக்க வேண்டுமாம். அந்தத் துணையாள் நான்தான். எத்தனை வாரப் பயிற்சியில் உங்களுக்குத் தைரியம் வந்தது? வாங்கிவிட்டு மூலையில் போட்டவர்களும் தயங்காமல் எழுதுங்கள், அதுதான் முக்கியமாக வேண்டும்.