கோரையாற்றுத் தோட்டம்: ஜிப்சம் பணத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம்ம ஊர்ச் சங்கம் கோரையாற்றோரக் கோயில் தோட்டத்தில் வைத்த தென்னம்பிள்ளைகள் மஞ்சளாகிப் போனதைப் பற்றி இரண்டு வாரமாகக் குழுவில் நடக்கிற பேச்சை முழுக்கப் படித்தேன். மஸ்கட் மாமா ஜிப்சம் போடலாம் என்கிறார். டொராண்டோத் தம்பி கந்தகம் என்கிறான். கொச்சியில் இருக்கிற அக்கா மரத்துக்கு ஒரு கிலோ கும்மாயம், அதாவது நீற்றின சுண்ணாம்பு, போடச் சொல்லியிருக்கிறார். பொருளாளர் அண்ணன் பணம் திரட்டவே ஆரம்பித்துவிட்டார். அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பணத்தை அப்படியே வங்கியில் வைத்திருங்கள். ஐப்பசி விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது அங்கே குழி வெட்டிப் பார்த்தேன். படம் அனுப்பாமல் இருந்தது என் தப்பு. பார்த்ததை இப்போது எழுதிவிடுகிறேன்.

மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. ஆற்றோரத் தாழ்வில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க முடிந்தது. குதிகால் அழுந்திய இடத்தில் நான் திரும்பிப் பார்ப்பதற்குள் தண்ணீர் ஊறி நின்றது. கடப்பாரையும் மண்வெட்டியுமாக நானும் சித்தப்பாவும் நெஞ்சளவு குழி வெட்டினோம். மேலே ஒரு முழம் கருமண். அதற்குக் கீழே நிறம் மாறிச் சாம்பலாகி, வேர் போன பாதையெல்லாம் துருப்பிடித்த கம்பி மாதிரி செம்பழுப்புக் கோடுகள். இன்னும் கீழே சுண்டைக்காய் அளவு வெள்ளை உருண்டைகள், சுண்ணாம்பு திரண்ட நம்ம சுக்கான்கல்தான். இடுப்பளவு வந்ததும் பக்கச் சுவரிலிருந்து தண்ணீர் கசிய ஆரம்பித்தது. கூடவே அழுகின முட்டை வாடை. சித்தப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு, “ஒரம்பெடுத்த மண்ணுடா இது, இதுல போய் யாரு தென்னை வெச்சது?” என்றார். ஒரம்பு என்றால் தண்ணீர் ஊறிக் கிடப்பது. வைத்தது சங்கம்தான் என்று நான் சொல்லவில்லை.

கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டில் தண்ணீர் கலந்து ஒரு சொட்டு அந்தச் சாம்பல் மண்ணில் விட்டேன். சோடா பாட்டில் திறந்த மாதிரி பொங்கியது. ஆசிட் இல்லாவிட்டால் எலுமிச்சம்பழம் பிழிந்தாலும் மெல்ல நுரைக்கும். பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு பொட்டலம் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். பி.எச்., அதாவது புளிப்பா காரமா என்று சொல்கிற அளவு (7 நடு), 8-க்குக் கொஞ்சம் மேலே, உப்பு குறைவு, சோடியமும் கம்மி என்று வந்தது.

இதில்தான் ஜிப்சம் விஷயம் அடிபடுகிறது. ஜிப்சம் களர் மண்ணுக்கு மருந்து. களர் மண்ணில் சோடியம் ஏறிக் களிமண்ணைக் குழைத்துப் போட்டிருக்கும். ஜிப்சத்தில் இருக்கிற கால்சியம் அந்தச் சோடியத்தைத் தள்ளிவிட்டு உட்காரும். நம்ம தோட்டத்தில் தள்ளிவிடச் சோடியமே இல்லை, கால்சியமோ வேண்டுமட்டும் கிடக்கிறது. அப்புறம் எதற்கு மாமா ஜிப்சம்?

கும்மாயம் சொன்ன அக்காவையும் குறை சொல்ல மாட்டேன். கேரளத்தில் எந்த விவசாயக் கூட்டத்துக்குப் போனாலும் முதல் பேச்சே கும்மாயம்தான். இந்த மாநிலத்து மண்ணில் பெரும்பங்கு புளிப்பு மண், சுண்ணாம்பு போட்டால் தெளியும். நம்ம தோட்டம் இருக்கிற பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் மட்டும் கதையே வேறு. நமக்கு மழை குறைவு, கருமண், அதில் சுண்ணாம்பு. பக்கத்து வாளையாரிலும் மதுக்கரையிலும் சிமென்ட் ஆலை வைக்கிற அளவுக்குச் சுண்ணாம்புப் பாறை ஓடுகிறது. மதுக்கரை ஆலை 1934-லேயே வந்துவிட்டது, வாளையார் ஆலை 1984-இல். அந்த மாதிரிப் பாறை கரைந்து வந்த மண்ணை ஆறு கொண்டுவந்து தாழ்வில் படியவைத்திருக்கிறது. கழுவிக்கொண்டு போகப் பாலக்காட்டு மேற்குப் பக்கம் போலப் பெருமழையும் கிடையாது. மாநிலத்துக்கே எழுதிய மருந்துச்சீட்டை நம்ம தோட்டத்துக்குக் கொடுத்தால், சர்க்கரை நோயாளிக்கு வெல்லம் கொடுத்த கதைதான்.

கந்தகம் மண்ணில் அமிலமாகிச் சுண்ணாம்பைக் கரைக்கும் என்பதுதான் தம்பியின் யோசனை. அதற்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கரில் மேல் அரையடி மண் மட்டுமே ஏறக்குறைய 850 டன். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு என்று வைத்தாலும் எட்டரை டன். அதைக் கரைத்து முடிக்க இரண்டே முக்கால் டன் கந்தகம் வேண்டும். அதுவும் மேல் அரையடிக்கு மட்டும். தம்பி, நம்ம மண் பொங்கின பொங்கலுக்கு ஒரு பங்கோடு நிற்காது.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது வேடிக்கையான இடத்தில். பலருக்குத் தெரியும், ஒன்பது வருஷமாக வங்கதேசத்து ஃபரீத்பூரில் சணல் நூல் ஆலையில் இருக்கிறேன். பத்மா ஆறு, அதாவது நம்ம கங்கை, பக்கத்தில்தான். கங்கை கொண்டுவருகிற வண்டலில் சுண்ணாம்பு உண்டு, பிரம்மபுத்திரா வண்டலில் கிடையாது. இரண்டும் ஒரே நாட்டில், ஒரே மாதிரி வெள்ளச் சமவெளி, ஆனால் மண் வேறு. இந்தப் பக்கத்து மண்ணுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயரே சுண்ணாம்புக் கருஞ்சாம்பல் வெள்ளச் சமவெளி மண் என்று நீளமாக வரும். மேட்டில் மேலிருந்து கீழ்வரை சுண்ணாம்பு இருக்கும். வருஷா வருஷம் தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் மேல்மண்ணில் அது கரைந்து போய், கீழே மட்டும் மிஞ்சியிருக்கும். இங்கே யாரும் பள்ளத்தில் மரம் வைத்து நான் பார்த்ததில்லை. பள்ளத்தில் நெல், நடுத்தரமான இடத்தில் சணல், மேட்டிலும் வரப்பிலும் பேரீச்ச மரம். மார்கழியில் அந்த மரத்தைச் சீவிப் பானை கட்டி, பதநீர் மாதிரி இறக்கி வெல்லம் காய்ச்சுகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது நம்ம ஊர்க் கள் மரங்கள் ஞாபகம் வந்து ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது? பிள்ளைகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அடி மட்டைகள் பச்சையாக இருக்கின்றன, குருத்தோலைதான் வெளிறியிருக்கிறது. தழைச்சத்துக் குறை என்றால் முதிர்ந்த ஓலை முதலில் மஞ்சளாகும். இந்த மாதிரிச் சுண்ணாம்பு மண்ணில் குருத்து வெளிறினால் பெரும்பாலும் இரும்புக் குறை. மண்ணில் இரும்பு இல்லையா? குழியில் கோடு கோடாகத் தெரிந்த துரு வேறென்ன! இருக்கிறது, ஆனால் வேருக்கு எட்டாத பூட்டில் இருக்கிறது. பி.எச். ஒரு படி ஏறினால் கரைந்த இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதோடு தண்ணீரும் தேங்கினால் இரட்டை அடி. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும், அதனால் வேருக்கு மூச்சு முட்டும். வேரும் நுண்ணுயிரும் விடுகிற கரியமில வாயு வெளியேற வழியில்லாமல் சுண்ணாம்போடு சேர்ந்து பைகார்பனேட்டாக மாறும். அது மரம் இரும்பை எடுப்பதையும், எடுத்ததைக் குருத்துவரை கொண்டுபோவதையும் கெடுக்கும். மழைக்காலத்தில் மஞ்சள் கூடி, கோடையில் தானாகக் கொஞ்சம் தெளிகிறது என்று காவலுக்கு இருக்கிற தாத்தா சொன்னார். நோய் எங்கே இருக்கிறது என்பதை அவரே சொல்லிவிட்டார், நாம்தான் உரக்கடையில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நெல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் தண்டுக்குள்ளேயே காற்றுக்குழாய் உண்டு, வேர்வரை மூச்சு இறங்கும். தண்ணீர் கட்டினால் சுண்ணாம்பு மண்ணின் பி.எச். இறங்கி 7-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும், இரும்பும் கரைந்து கிடைக்கும். நெல்லுக்கு அங்கே தட்டுப்படுவது துத்தநாகம். நட்டு மூன்று வாரத்தில் இலையில் துருப்புள்ளி விழுந்து பயிர் குன்றிப்போனால் அதுதான். 1966-இல் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் இருந்த நெனே என்பவர்தான் இமயமலை அடிவாரத்து வயல்களில் ‘கைரா’ என்று சொல்லிக்கொண்டிருந்த நோய் துத்தநாகக் குறை என்று கண்டு சொன்னார். அதுவரை யார் யாரோ என்னென்னவோ மருந்தடித்துக்கொண்டிருந்திருப்பார்கள், நம்மைப் போலவே. ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட் போதும், ஆனால் மணிச்சத்து உரத்தோடு கலந்து போடக் கூடாது.

நம்ம மலையாளத்து அண்டைவீட்டார் இப்படிக் கால் புதைகிற வயலைப் பூந்தல்பாடம் என்பார்கள். நெல்லுக்கு மட்டும் என்று ஒதுக்கிய நிலம் அது. கோரை முளைக்கிற ஆற்றுக்குக் கோரையாறு என்று பெயர் வைத்தவர்களும் ஏதோ தெரிந்துதான் வைத்திருப்பார்கள். தோட்டத்தின் கீழ்க்கோடி முழுக்க இப்போது கோரைதான்.

இதில் எனக்கு வருத்தமான ஒரு விஷயமும் இருக்கிறது. அந்தத் தாழ்வு முன்னே இவ்வளவு மோசம் இல்லை. மேற்குப் பக்கத்து இட்டேரி, அதாவது வேலிகளுக்கு நடுவே போகிற வண்டித்தடம், ஓரமாக ஒரு வடிகால் ஓடி ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது, சின்ன வயதில் அதில் நாம் மீன் பிடித்திருக்கிறோம். இட்டேரியை மேடாக்கிச் சாலை போட்டபோது அதன் வாயை மண் போட்டு அடைத்துவிட்டார்கள். யார் என்று தேடிச் சண்டை போடுவதில் பிரயோஜனமில்லை. தண்ணி ட்யூப் வைத்து மட்டம் பார்த்தேன், கீழ்க்கோடிக்கும் ஆற்றுக்கும் இரண்டு முழத்துக்கு மேல் வாட்டம் இருக்கிறது. வழி விட்டால் தண்ணீர் போகத் தயாராக இருக்கிறது.

என் யோசனை இதுதான். ஜேசிபி வைத்து அந்த வடிகாலை மூன்றடி ஆழத்துக்குத் திறந்து, சாலைக்கு அடியில் குழாய் பதிக்க வேண்டும். குழாய்க்குப் பஞ்சாயத்து அனுமதி தேவை. வெட்டின மண்ணை வடக்குப் பக்கம் மேடாகக் கொட்டிச் சரிசெய்து, பிழைக்கிற பிள்ளைகளை அடுத்த பருவத்தில் அங்கே மாற்றி நடலாம். கீழ்ப்பாதியை நெல்லுக்கே விட்டுவிடலாம். அதுவரை பிள்ளைகளின் உயிரைப் பிடித்துவைக்க அன்னபேதி (இரும்பு சல்பேட்), லிட்டருக்குப் பத்துக் கிராம், ஓலையில் தெளிக்கலாம். மண்ணில் போட்டால் துருவாகிக் கிடக்கும், வீண். கடையில் இரும்புக் கீலேட், அதாவது துருவாகாமல் கட்டிவைத்த இரும்பு, என்று கொடுத்தால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். இ.டி.டி.ஏ. என்று இருந்தால் இந்த மண்ணில் நிற்காது. இ.டி.டி.எச்.ஏ. நிற்கும், விலையைக் கேட்டால் நாம் நிற்க மாட்டோம்.

யூரியாவை மேலாகத் தூவுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். சுண்ணாம்பு மண்ணில் அது அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். தாத்தாவிடம் சொன்னேன், சரி சரி என்றார், ஆனால் மூட்டை இன்னும் திண்ணையில்தான் இருக்கிறது.

பஞ்சாயத்தில் பேச ஊரில் இருக்கிறவர்கள் யாராவது முன்வந்து எழுதுங்கள். வெட்டின குழியை நான் மூடவில்லை. மேலே ஓலை போட்டு, ஆடு மாடு விழாமல் முள் வைத்திருக்கிறேன். பொங்கலுக்குப் போகிறவர்கள் ஒரு குச்சியை விட்டு, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பார்த்துத் தேதியோடு குழுவில் போடுங்கள். கார்த்திகை தீபத்தன்று சித்தப்பா பார்த்தபோது இரண்டே கால் அடி.