புதுப்பிப்பு: காரைக்குடி சிஎன்சி ரூட்டர் ஃபிரேம், வெல்டிங்குக்குப் பின்

கணினி கட்டளைப்படி தேக்குக் கதவுகளில் கொத்துவேலை செய்யும் ரூட்டர் எந்திரத்துக்கு 100×50×5 மிமீ இரும்பு டியூபில் ஃபிரேம் என்று முன்பு எழுதியிருந்தேன். வெல்டிங் முடிந்தது. 1.5 மீட்டர் நீளத்தில் 0.8 மிமீ வளைவு.

காரணம், ரூட்டர் நகரும் ரெயில் உட்காரும் 12 மிமீ பட்டைக்கு ஒரு பக்கம் மட்டும் நீளமாக வெல்டு ஓட்டியது. வெல்டு ஆறும்போது சுருங்கித் தன் பக்கமே இழுக்கும். முதலில் எல்லா மூலையிலும் டாக் (சின்னப் புள்ளி வெல்டு) அடித்து, இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று அளந்து, பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 30 மிமீ தையல் வெல்டு, 120 மிமீ இடைவெளி, பக்கம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். 7018 வெல்டிங் ராடு ஈரம் வாங்கியிருந்தால் வெல்டில் துளை விழும், சூடேற்றித்தான் எடுக்கணும்.

வெயிலில் அளக்காதீர்கள். 10 டிகிரி கூடினால் 1.5 மீட்டர் இரும்பு 0.18 மிமீ நீளும். ஒரு பக்கம் மட்டும் சூடானால் ஃபிரேமே வளையும். விடியற்காலைதான் சரி.

மீதி வளைவுக்கு, ரெயில் உட்காரும் இடத்தில் வாய்க்கால் கட்டி, சுயமாக மட்டமாகும் எபாக்சி பிசினை 8 மிமீ கனத்துக்கு ஊற்ற வேண்டும். இரண்டு ரெயில் வாய்க்காலையும் குறுக்கு வாய்க்காலால் இணைத்தால்தான் ஒரே மட்டம் வரும். அடியில் பெயிண்ட் இருக்கக்கூடாது.

வளவில் (செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில்) வெல்டு செய்பவர்கள் ஆத்தங்குடி டைல்ஸ் தரைமேல் தகரம் விரியுங்கள். பொறி பட்ட புள்ளி போகவே போகாது.