கார்ட்லெஸ் கருவிகளின் பேட்டரியை எப்போதும் முழுச் சார்ஜில் வைத்திருப்பது சரியா?

உளிக்கை:
லித்தியம் பேட்டரியைப் பாதிச் சார்ஜில்தான் வைக்க வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. என்னிடம் 18 வோல்ட் பேட்டரிகள் நான்கு உள்ளன. அவற்றில் இரண்டு எந்நேரமும் சார்ஜரில்தான் இருக்கும். மற்ற இரண்டை எப்போதாவதுதான் எடுப்பேன். ஏணியில் ஏறி நின்று திருகு பாதி இறங்கிய நிலையில் டிரில் நின்றுபோனால் என்ன பாடு என்பது வேலை செய்பவருக்குத்தான் தெரியும். பேட்டரி நிறைந்ததும் சார்ஜர் தானாகவே மின்னோட்டத்தை நிறுத்திவிடுகிறது. பிறகு என்ன கேடு வந்துவிடும்?

பழுதுநீக்குநர்:
சார்ஜர் நிறுத்திவிடுகிறது என்பது உண்மை. அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிவிடும் என்று நான் சொல்லவில்லை. நான் கவலைப்படுவது, நிறைந்த பிறகு அது அப்படியே கிடக்கும் காலத்தைப் பற்றித்தான். 18 வோல்ட் பேட்டரிக்குள் ஐந்து செல்கள் தொடராக இணைந்துள்ளன. முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டில் நிற்கும், பாதியில் ஏறத்தாழ 3.7 வோல்ட். அந்த உயர்ந்த மின்னழுத்தத்தில், பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும்கூட, உள்ளே இருக்கும் மின்பகுதிரவம் (எலக்ட்ரோலைட்) மெல்லச் சிதைந்துகொண்டே இருக்கிறது. எதிர்மின்முனையின் (நெகட்டிவ்) மேல் படியும் படலம் தடித்து, வேலைக்கு உதவ வேண்டிய லித்தியத்தைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெப்பம் கூடக்கூட இது வேகமெடுக்கும். நண்பகல் வெயிலில் காயும் தகரக் கூரையின் கீழ் முழுச் சார்ஜில் மாதக்கணக்கில் கிடந்த பேட்டரி இழந்த கொள்ளளவை எந்தச் சார்ஜராலும் மீட்டுத்தர முடியாது.

உளிக்கை:
நான் மாதக்கணக்கில் வைப்பதில்லையே. காலையில் எடுத்தால் மாலைக்குள் தீர்ந்துவிடும்.

பழுதுநீக்குநர்:
அப்படியானால் உங்கள் வழக்கத்தில் குறையில்லை, இதை மனதார ஒப்புக்கொள்கிறேன். அன்றாடம் தீர்த்துவிடும் பேட்டரியைப் பாதியில் நிறுத்திச் சார்ஜ் செய்யச் சொல்வது வேலையைக் கெடுக்கும் அறிவுரை. என் பேச்சு மற்ற இரண்டைப் பற்றியது.

பழைய பட்டறை:
இருவருமே முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். பேட்டரியை முழுவதும் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும். டிரில்லின் விசையை ரப்பர் பேண்டால் கட்டி, சுழற்சி அடியோடு நிற்கும் வரை ஓடவிட்ட பிறகே நான் சார்ஜரில் போடுவேன். பல ஆண்டுப் பழக்கம் இது. பேட்டரிகளும் நன்றாகவே உழைத்தன.

பழுதுநீக்குநர்:
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன்; ஆனால் அது நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு உரிய வழக்கம். முழுவதும் தீர்க்காமல் அடிக்கடி சார்ஜ் போட்டால் கொள்ளளவு குறைந்ததுபோல் ஆகிவிடும் அந்த ‘நினைவுக் குறைபாடு’ லித்தியத்துக்குக் கிடையாது. மாறாக, செல்லின் மின்னழுத்தம் 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிக் கிடந்தால், எதிர்மின்முனையின் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே குறுக்குச்சுற்றை (ஷார்ட் சர்க்யூட்) உண்டாக்கலாம். அண்மையில் ஒரு பேட்டரியைத் திறந்து அளந்து பார்த்தேன்: நான்கு செல்கள் 3.4 வோல்ட், ஐந்தாவது மட்டும் 1.7 வோல்ட். சார்ஜர் சிவப்பு விளக்கைச் சிமிட்டி அதை ஏற்க மறுத்தது. உரிமையாளரோ, நல்ல பேட்டரியிலிருந்து கம்பி இழுத்து ‘உசுப்பிவிட’ச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். சார்ஜர் மறுப்பது தீப்பிடிக்காமல் காக்கத்தான். அதை ஏமாற்றுவது சரியல்ல.

பழைய பட்டறை:
கருவியே ஓர் அளவில் நின்றுவிடுகிறதே, பிறகு எப்படி அவ்வளவு கீழே இறங்கும்?

பழுதுநீக்குநர்:
கருவி நின்றதும் சார்ஜ் போட்டுவிட்டால் இறங்காது. அப்படியே பரணில் போட்டுவிட்டால்தான் சிக்கல். செல் தானாகவே சிறிது இழக்கும். உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையும் துளித்துளியாக உறிஞ்சிக்கொண்டிருக்கும். சில மாதங்களில் எல்லையைத் தாண்டிவிடும்.

உளிக்கை:
அப்படியானால் எப்போதாவது எடுக்கும் என் இரண்டு பேட்டரிகளை, சார்ஜ் அளவைக் காட்டும் நான்கு விளக்குகளில் இரண்டு எரியும் அளவில் வைக்கிறேன். ஆனால் குளிர்ச்சிக்காகக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொல்பவர்களை நான் ஏற்க மாட்டேன். வெளியே எடுத்ததும் முனைகளில் ஈரம் கோத்துக்கொள்ளும்.

பழுதுநீக்குநர்:
அதில் நானும் உங்கள் பக்கம்தான். வெயில் படாத, உலர்ந்த அலமாரி போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விளக்கைப் பாருங்கள். ஆணிகள் கிடக்கும் பெட்டியில் மட்டும் மூடியில்லாமல் போடாதீர்கள். கிரைண்டரிலிருந்து கழற்றிய சூட்டோடு சார்ஜ் ஏற்றுவதும் கூடாது. உறைநிலைக்குக் கீழான குளிரில் ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே படிந்துவிடும்.

பழைய பட்டறை:
என் பரணில் தீர்ந்த நிலையில் இரண்டு பேட்டரிகள் ஐந்து மாதமாகக் கிடக்கின்றன. என்ன செய்யட்டும்?

பழுதுநீக்குநர்:
முதலில் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள், ஐயா. மொத்தம் 10 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜரில் போட வேண்டாம். முனைகளின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள். அதற்கு மேலே இருந்தால் சார்ஜரில் போட்டு, ஏறி முடியும் வரை பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். சார்ஜர் மறுத்தால் அந்தப் பேட்டரியையும் ஒப்படைத்துவிட வேண்டியதுதான்.